அந்தக் கறுப்புக் குழாய்க்குள் என்னதான் இருக்கு?

அகிஹபாரா என்றாலே அனிமே பொம்மையும் வீடியோ கேமும்தான் ஞாபகத்துக்கு வரும். டோக்கியோவின் அதே பேட்டையில், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒடுக்கமான மாடிப்படிகளில் ஏறிப் போனால் ஏர்சாஃப்ட் கடைகள் இருக்கின்றன. சுவர் கொள்ளாமல் பொம்மைத் துப்பாக்கிகள். கடைக்கோடியில் சுட்டுப் பார்க்க ஒரு குட்டி ரேஞ்ச். கவுன்ட்டருக்குப் பின்னால், வாங்க வருகிறவர்கள் கண்ணில் அதிகம் படாத ஒரு வேலை மேசை. நமக்கு வேண்டியது அந்த மேசைதான்! அங்கேதான் கைத்துப்பாக்கி முனையில் அந்தக் கறுப்புக் குழாயை மாட்டுகிறார்கள். சினிமாவில் உளவாளி ஒருத்தர் சாவகாசமாகத் திருகித் திருகி மாட்டுவாரே, அந்த சைலன்சரின் பொம்மை வடிவம்.

பொம்மைக்கு மாட்டுகிற பொம்மைதானே, அழகைத் தவிர அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இருக்கிறது, நிறைய இருக்கிறது! வேகத்துக்கு அது ஒன்றும் செய்யாது. காதுக்கு அள்ளிக் கொடுக்கும். சரியாக மாட்டாவிட்டால் குறியைக் கெடுக்கும். இந்த மூன்றும் ஏன் இப்படி என்பதை அந்த மேசையில் கழற்றிப் போட்ட சாமான்களே சொல்லிவிடும். வாங்க, உள்ளே போவோம்.

ஒரு சின்ன அறிமுகம்

ஏர்சாஃப்ட் 1970-களில் ஜப்பானில் பிறந்த விளையாட்டு. சுடுவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை, பெயர் பிபி. வழக்கமான எடை 0.20 கிராம். வெடிமருந்து கிடையவே கிடையாது. கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை மேகசினுக்குள் அடைத்த கேஸில் ஓடுகின்றன. ஜப்பானில் நீண்ட காலம் அதிகம் புழங்கிய கேஸ் ஹெச்.எஃப்.சி-134ஏ, அதாவது பல கார் ஏ.சி.களில் ஓடிய அதே வாயு! 1965-ல் தொடங்கிய டோக்கியோ மருய் நிறுவனத்தின் பெயர் இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சட்டமும் கறார். 2006-ல் ஜப்பான் தன் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீட்டர் பிபிக்கு உச்சவரம்பை ஏறக்குறைய 0.98 ஜூலாக வைத்தது. 0.20 கிராம் உருண்டைக்கு அது நொடிக்கு சுமார் 99 மீட்டர். அந்தக் கோட்டைத் தாண்டினால் அது பொம்மையே இல்லை, குற்றம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திறந்தால் பஞ்சு!

முன் மூடியைத் திருகிக் கழற்றினதும் எட்டிப் பார்த்தால்... பஞ்சு! ஸ்பாஞ்ச் வளையங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் ஓட்டையோடு. சில மாடல்களில் அதுவும் இல்லை, வெறும் காலிக் குழாய். அலுமினியத்தில் லேத்தில் கடைந்து, கறுப்பு அனோடைஸ் பூசி, மேலே அழகாக எழுத்துப் பொறித்த குழாய். விட்டம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிமீட்டர். பின் மூடியில் மரை. அவ்வளவேதான்!

நிஜ சைலன்சர் என்பது வேறு ஜாதி. ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வெடித்து வரும் சூடான, அழுத்தமான வாயுவை உள்ளேயே தடுத்துத் தடுத்து, மெல்ல வெளியே விடுவதுதான் அதன் வேலை. அதே மாக்சிம் மோட்டார் வாகனப் புகைக்குழாய்ச் சத்தத்தை அடக்கும் வேலையிலும் இறங்கினார். நம் ஊர் மோட்டார் சைக்கிளின் சைலன்சரும் அந்த வம்சத்துப் பிள்ளைதான். ஏர்சாஃப்டில் அடக்குவதற்குச் சூடும் இல்லை, வெடிப்பும் இல்லை. வருவது குளிர்ந்த கேஸின் ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பஞ்சே தாராளம். எளிய காரியத்துக்கு எளிய கருவி. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது!

இடது மரை ரகசியம்

இப்போது மாட்டுவோம். குழாயைக் கையில் எடுத்ததும் எல்லோரும் வலது பக்கம் சுற்றுவார்கள். ஏறாது! ஏர்சாஃப்ட் உலகத்தின் பொது அளவு 14 மில்லிமீட்டர் இடது மரை. சைக்கிளின் இடது பெடல் எப்படி எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் ஏறுமோ, அப்படி. ஜப்பானியக் கடைகளில் இதை ‘கியாகு நெஜி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஆனால் கைத்துப்பாக்கிகளில் பல வெறும் முனையோடு வருகின்றன, மரையே இருக்காது. சிலவற்றில் பேரலின் வாய்க்குள் 11 மில்லிமீட்டர் வலது மரை ஒளிந்திருக்கும். அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும்: ஒரு பக்கம் 11 வலது, மறுபக்கம் 14 இடது. விரல் நுனி அளவு உலோகத் துண்டு, கீழே விழுந்தால் மேசைக்கு அடியில் எங்கே போகுமென்று தெரியாது. முழு அமைப்பின் தலையெழுத்தும் இதன் கையில்தான் இருக்கிறது! இதன் முகப்பு பேரலின் முகப்போடு சமமாக உட்கார்ந்தால் எல்லாம் சுபம். ஒரு தூசி, ஒரு பிசிறு இடையில் மாட்டினால் குழாய் முழுவதும் சாய்ந்துவிடும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் மாட்டும் முன்னால் மரையைப் பல் தேய்க்கும் பிரஷால் துடைத்து, ஒரு ஓ-ரிங்கை இடையில் வைத்து, அது லேசாக நசுங்கும் வரை மட்டும் இறுக்குகிறார்கள். ஓ-ரிங் இருந்தால் சுடச்சுடக் குழாய் தானாகக் கழன்று வருவதும் நிற்கும்.

காது சொல்லும் சாட்சி

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டீர்களா? அது இல்லாமல் ரேஞ்சில் கால் வைக்கக் கூடாது. சரி, சுடுவோம்!

முதலில் கேஸ் புளோபேக் ரகம், அதாவது ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வரும் ரகம். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே சத்தமாகத் தெரியும். உண்மையில் அது மூன்று. சுத்தி வால்வைத் தட்டும் ‘டிக்’. குழல் வாயில் கேஸ் பீறிடும் ‘டப்’. ஸ்லைடு போய்ப் போய் மோதும் ‘சடக்’. பஞ்சுக் குழாய் பிடிப்பது நடுவில் உள்ள ‘டப்’பை மட்டும். உருண்டைக்குப் பின்னால் பாயும் கேஸ் திடீரென்று அகலமான இடத்துக்கு வந்து விரிந்து, பஞ்சின் துளைகளில் சிக்கி, கூர்மை மழுங்கி வெளியேறுகிறது. சத்தத்தின் முள் போய்விடுகிறது. ஆனால் ‘சடக்’ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது பிறப்பது குழாயில் இல்லை, கையில்.

அப்படியானால் ஸ்லைடே நகராத துப்பாக்கி? ஆஹா, அங்கேதான் விருந்து! டோக்கியோ மருயின் எம்.கே.23 என்றால் உலகம் முழுக்க ஏர்சாஃப்ட்காரர்களின் கண்கள் விரியும். நிஜ எம்.கே.23 அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் செய்தது. 1998-ல் வெளிவந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ கேமில் கதாநாயகன் கையில் இருந்ததும் அதுதான். மருயின் பொம்மை வடிவத்தில் ஸ்லைடு நகராது, பெட்டியிலேயே சைலன்சரும் சேர்ந்து வரும். ஸ்லைடு அசையாததால் ‘சடக்’ கிடையாது. ‘டப்’பைப் பஞ்சு பிடித்துக்கொள்கிறது. மிஞ்சுவது சுத்தியின் ‘டிக்’ மட்டும். பக்கத்தில் நின்றால் காதில் விழும். சில மீட்டர் தள்ளி, இலைகள் சலசலக்கும் காட்டில் நின்றால்? தேடிப் பாருங்கள்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நிஜத் துப்பாக்கியில் 9 எம்.எம். குண்டு பெரும்பாலும் ஒலியை முந்திவிடும். ஏர்சாஃப்டில் நேர் எதிர்! 30 மீட்டர் தூரத்தில் நிற்பவரை ஒலி 0.09 நொடியில் எட்டிவிடும். நொடிக்கு 70 மீட்டரில் கிளம்பிய பிபி, காற்றே தடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.43 நொடி எடுக்கும். காற்று தடுக்கத்தான் செய்யும், அதனால் இன்னும் அதிகமாகும். அதாவது சத்தம் முதலில் வந்து கதவைத் தட்டுகிறது, உருண்டை பின்னால் வருகிறது. சுதாரித்த ஆட்டக்காரர் அதற்குள் மரத்துக்குப் பின்னால் சாய்ந்துவிடுவார். ஆகவே இந்தப் பொம்மை உலகத்தில் சத்தத்தைக் குறைப்பது அலங்காரம் இல்லை, ஆட்டத்தையே மாற்றும் விஷயம். பஞ்சு அடைத்த அந்தக் குழாய் இங்கே தன் பெயருக்கு முழுக்க நியாயம் செய்கிறது.

வேகம் ஏறுமா?

ஏறாது! இதைச் சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள், அதனால் பேரலைப் பிரித்தே காட்டுகிறார்கள். ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் இரண்டு பேரல். வெளியே தெரிவது தோற்றத்துக்கான வெளிப்பேரல். உள்ளே ஒளிந்திருக்கும் மெல்லிய உள்பேரல்தான் உருண்டையை வழிநடத்துவது. மருயின் உள்பேரல் விட்டம் 6.08 மில்லிமீட்டர், உருண்டை 5.95 சுற்றி. அந்த நெருக்கத்தில்தான் கேஸ் உருண்டையைத் தள்ள முடியும். உள்பேரலின் வாயைத் தாண்டியதும் தள்ளுவது முடிந்தது. அதற்குப் பின் வருகிற அகலமான பஞ்சுக் குழாய் வெறும் தாழ்வாரம், அதில் உருண்டை தன் வேகத்தில் நடந்து போகிறது. வேகம் அளக்கும் கருவியில் குழாயோடும் குழாய் இல்லாமலும் சுட்டால் எண் ஏறுவதில்லை.

சரி, அந்தத் தாழ்வாரத்துக்குள் உள்பேரலையே நீட்டிவிட்டால்? அப்போது கதை மாறுகிறது. கேஸ் கூடுதல் தூரம் தள்ளுவதால் வேகம் ஏறலாம். வெளியே பார்த்தால் சாதாரண சைலன்சர், உள்ளே நீண்ட பேரல். ஜப்பானில் இதைச் செய்கிறவர்கள் அந்த 0.98 ஜூல் கோட்டை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. கேஸின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். குளிர்காலத்தில் அடக்கமாக இருந்த துப்பாக்கி ஆகஸ்ட் வெயிலில் எகிறும். ஆகவே கோடையில் அளந்து பார்த்துத்தான் களத்துக்கு எடுத்துப் போக வேண்டும். கேஸுக்குப் பதில் ஸ்பிரிங் விசையால் காற்றைத் தள்ளும் ரகத்தில் இந்த வித்தைக்கு எல்லையும் சீக்கிரம் வந்துவிடும். சிலிண்டரில் உள்ள காற்று அளவானது; பேரல் அதற்கு மேல் நீண்டால் தள்ள ஆளில்லாமல் உருண்டை வேகம் இழக்கும்.

நேர்கோட்டில் நிற்கிறதா?

இப்போது மிகக் கூர்மையான வேலை! உருண்டை போவது உள்பேரல் சொன்ன பாதையில். சைலன்சர் தொங்குவதோ வெளிப்பேரலில். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கைத்துப்பாக்கியின் முனையைப் பிடித்து ஆட்டினால் விரலுக்கே தெரியும். அந்த ஆட்டம் குழாயின் நீளத்துக்கு ஏற்பப் பெருகுகிறது.

ஒரு டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் நீளக் குழாயின் மறுமுனையில் அது 2.6 மில்லிமீட்டர் விலகலாக நிற்கும். முன் மூடியின் ஓட்டை 12 மில்லிமீட்டர் என்றால், 6 மில்லிமீட்டர் உருண்டைக்குச் சுற்றிலும் கிடைப்பது 3 மில்லிமீட்டர் இடம். ஒரே ஒரு டிகிரி அதில் கிட்டத்தட்ட முழுவதையும் தின்றுவிட்டது! இதில் ஹாப்-அப்பும் சேர்கிறது. பெரும்பாலான ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளில் உருண்டையின் மேல்புறத்தை ஒரு ரப்பர் உரசி, பின்னோக்கிச் சுழல வைக்கும். அந்தச் சுழற்சிதான் காற்றில் அதைத் தூக்கிப் பிடித்து நீண்ட தூரம் தட்டையாகப் பறக்க வைக்கிறது. குழாயின் ஓரத்தில் உருண்டை லேசாகப் பட்டால்கூடச் சுழல் குலைந்து, எங்கேயோ வளைந்து போய்விடும்.

கண்டுபிடிக்கும் முறை எவ்வளவு அழகு தெரியுமா? மேகசினை எடுத்துவிட்டு, உள்ளே உருண்டை எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். பேரலைத் துடைப்பதற்கான மெல்லிய கம்பியை சைலன்சரின் முன்வாய் வழியாக உள்பேரலுக்குள் விடுகிறார்கள். கம்பி ஓட்டையின் நட்டநடுவில் நின்றால் வெற்றி. ஒரு பக்கம் ஒட்டி நின்றால் மூடியைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. இன்னொரு சாட்சியும் உண்டு: முன் மூடியின் உள்விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சின் மேல் சாக்பீஸ் உரசியது போல் வெளிறிய ஒரு கீற்று தெரிந்தால், அது உருண்டை உரசிப் போன தடம். எந்தப் பக்கம் கீற்றோ, அதே பக்கமாகக் குழாயின் முனையை நகர்த்த வேண்டும்!

முனையில் ஏறும் பாரம்

புளோபேக் ரகத்தில் வெளிப்பேரலும் நிஜத் துப்பாக்கி மாதிரியே ஸ்லைடு போகும்போது லேசாகத் தலை தூக்கும். அதன் முனையில் அலுமினியக் குழாய் தொங்கினால், ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஸ்லைடு மந்தமாகும். குளிர்ந்த மேகசினில் அழுத்தம் இறங்கியிருந்தால் ஸ்லைடு முழுக்க முன்னால் வந்து பூட்டாமலே நிற்கும்.

ஜப்பானில் இதற்கு அபாரமான தீர்வு கண்டிருக்கிறார்கள். லேலாக்ஸ் நிறுவனத்தின் நைன் பால் பிராண்டில் அசையாத வெளிப்பேரல்கள் வருகின்றன. ஸ்லைடு மட்டும் ஓடும், பேரல் சட்டத்தோடு ஒட்டி நிற்கும், குழாயின் பாரம் ஸ்லைடின் தலையில் விழாது. தலை தூக்கும் ஆட்டம் போனதால் நேர்கோடும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

கைக்கு என்ன ஆகிறது? முனை கனத்ததால் குறிபார்க்கும்போது துப்பாக்கி அமைதியாக நிற்கிறது, விசையை இழுக்கும்போது முனை துள்ளுவது குறைகிறது. பதிலுக்கு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சட்டென்று திருப்பும்போது கொஞ்சம் தாமதிக்கிறது. பருத்த குழாய் முன்குறியை மறைத்தால் உயரமான குறிகள் போட வேண்டியிருக்கும். இடுப்பு உறையில் நுழைகிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி வெளிச்சம்!

கடைசிக்கு வைத்திருந்தது இதைத்தான்! அதே மாதிரி கறுப்புக் குழாய், அதே 14 இடது மரை. ஆனால் உள்ளே பஞ்சு இல்லை; பேட்டரி, சென்சார், புற ஊதா எல்.இ.டி.கள். பெயர் டிரேசர். தைவானின் ஏஸ்டெக் போன்ற பிராண்டுகள் இதில் கைதேர்ந்தவை. ஒளிரும் பொருள் கலந்த பிபி குழாய்க்குள் நுழைந்ததும் சென்சார் அதைப் பிடிக்கிறது, எல்.இ.டி. அதே கணத்தில் பளீரென்று அடிக்கிறது, உருண்டை ஒளியை விழுங்கிக்கொண்டு பச்சைக் கோடாகப் பாய்கிறது!

டோக்கியோவை ஒட்டிய சிபா வட்டாரத்துக் களங்களில் இரவு ஆட்டம் நடக்கும்போது இருட்டில் இந்தப் பச்சைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பார்த்தால் குழந்தையாகிவிடுவீர்கள். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், இது கிடைத்தற்கரிய சோதனைக் கருவியும்கூட. பகலில் கண்ணுக்குத் தெரியாத ஹாப்-அப் இருட்டில் கோடாகத் தெரிகிறது. கோடு சீக்கிரமே தரை தொட்டால் சுழல் போதவில்லை. பாதி வழியில் வானத்தைப் பார்த்து எகிறினால் சுழல் அதிகம். நேராகப் போய்த் திடீரென்று பக்கவாட்டில் முறிந்தால், குழாய் விளிம்பில் உரசியிருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பச்சைக் கோடு எங்கே கிளம்பியது என்பது எதிரணிக்கும் தெரியும். பஞ்சுக் குழாய் உங்களை மறைக்கும், டிரேசர் உங்களைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஆட்டத்துக்கு எது என்று தேர்ந்தெடுப்பதே பாதி சுவாரசியம்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

ஸ்லைடு நகராத துப்பாக்கியா? பஞ்சுக் குழாயைத் தயங்காமல் மாட்டுங்கள், அதன் முழுப் பலனும் உங்களுக்கே. புளோபேக் ரகமா? எடை குறைந்த, குட்டையான குழாயாகப் பாருங்கள், முன்வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. மாட்டியதும் முதலில் கம்பிச் சோதனை, அடுத்தது வேக அளவு, அதற்குப் பிறகுதான் காகித இலக்கு. களத்துக்கு எடுத்துப் போகும்போது பையில் மூடி வையுங்கள், ஓய்விடத்தில் மேகசினைக் கழற்றி வையுங்கள், கண்ணாடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். தோற்றம் நிஜம் மாதிரி இருப்பதால் பொது இடத்தில் காட்டுவது ஆபத்து. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் ஏர்சாஃப்டின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஜப்பானியர்கள் ‘சபாகே’ என்று செல்லமாகச் சொல்லும் இந்த ஆட்டத்தில் நடுவர் ஒவ்வொரு உருண்டையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பட்டவரே கையைத் தூக்கி ‘ஹிட்!’ என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். சுட்டவர் சத்தம் போடவில்லை, பட்டவர் மனசார ஒப்புக்கொண்டு சத்தம் போடுகிறார். பஞ்சுக் குழாய் நன்றாக வேலை செய்கிற ஆட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய சத்தம் அதுதான். அது கேட்டுவிட்டால், மரையைத் துடைத்ததும் ஓ-ரிங் வைத்ததும் கம்பி விட்டுப் பார்த்ததும் வீண் போகவில்லை!